ஐடா ஸ்கடர் அம்மையார்

செஞ்சிக்கு வடபால் சிங்கவரத்துக் குன்றின்மீது பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் திருக்கோலத்தைக் காணப் படியேறுவோர் பலர். தேசிங்கு ராஜன் வழிபட்ட தெய்வம் அதுவென்பர். 1714-ஆம் ஆண்டிற் போர்க்களத்தில் மாண்ட அவ்விளைஞனது கதையை இப்பக்கத்தில் அறியாதார் இலர். ஆனால் செஞ்சியினின்று கிழக்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் அடையும் திண்டிவனத்தில், ஓர் இரவில் நிகழ்ந்த மூன்று மரணங்களைப் பற்றி இங்கே பேசுவார் அரியர். அவற்றிற்குச் சிந்தும் இல்லை, கூத்தும் இல்லை. அவ்விரவு ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றிய வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் புரிந்த அமெரிக்கர். பின்னர்த் தமிழ்நாடு போந்தவர். தந்தையாரும் வைத்தியரே. குடும்பத்தாருட் பலர் மிஷனெரிமாராக உழைத்தனர். ஐடாவுக்கோ அவ்வழியில் நாட்டமே இல்லை. 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் குழந்தைக் கண்ணாற் கண்டவர் அவர். பின்பு தாய் தந்தையர் இந்தியாவில் இருக்கத் தாம் அமெரிக்காவிலே தனித்து வளர்ந்தவர். இத்தகைய இளமை பெற்ற ஒரு பெண் இந்நாட்டை விரும்பவில்லை என்றால் அதில் வியப்பென்ன? நார்த்பீல்டுப் பள்ளியிற் படிப்பு முடிந்தபின், நோயுற்ற அன்னையாருக்குத் துணையாகச் சிலகாலம் இருந்து மீளவேண்டும் என்னும் எண்ணத்துடனேயே 1890-ஐயொட்டித் திண்டிவனம் வந்தார்.

அங்கேதான் அவ்விரவு வந்தது. பிராமணர் ஒருவர் முதலில் வந்து, பிரசவ வேதனையில் உயிருக்கு மன்றாடும் தம் இளம் மனைவிக்கு உதவுமாறு வேண்டினார். தந்தையாரை அழைத்து வருவதாக ஐடா சொன்னார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தீண்டுதல் ஆகாது என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து முஸ்லிம் ஒருவர் அதே வேண்டுகோளோடு வந்து, அதே விடையைக் கேட்டு, அவ்வாறே போயினார். மூன்றாவதாக மற்றோர் இந்துவும் அங்ஙனமே வந்து அகன்றார். விடிந்ததும் தெருவிற் பறையொலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்தமை தெரிந்தது.

இவ்விடத்துச் சற்று நின்று சிந்திப்போம். அப்பெண்களைக் காக்க வல்ல கருவி உலகத்தில் இல்லாமற் போனதா? நம் ஊர்களில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாயுதத்தை 17-ஆம் நூற்றாண்டளவில் இங்கிலாந்திற் குடியேறிய சேம்பர்லன் என்னும் வைத்தியக் குடும்பத்தார் செய்துகொண்டனர். கரண்டி போன்ற இரண்டு இரும்பு அலகுகளைத் தனித்தனியே உட்செலுத்திக் குழந்தையின் தலையை இருபுறமும் அணைத்தபின் நடுவிற் பூட்டி, மெல்ல இழுப்பது அதன் முறை. பொருளாசையால் அக்குடும்பத்தார் அதனை நூறாண்டுக்கு மேல் மறைத்தே வைத்திருந்தனர். அவர்கள் வாழ்ந்த எஸெக்ஸ் நாட்டு மாளிகை ஒன்றின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து 1813-இல் அவ்வாயுதங்கள் வெளிப்பட்டன. ஒளித்து வைத்த அந்நூறாண்டில் எத்தனை தாயர் மடிந்திருப்பர்! அதற்குள் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்மெல்லி, லெவ்ரே என்பார் இடுப்பெலும்பின் வளைவுக்கு ஏற்ப அலகுகளை வளைத்து, தாயின் தசை கிழியாதபடி திருத்தியிருந்தனர். ஐடாவின் காலத்தில் அவ்வாயுதம் வைத்தியர் யாவரும் பயிலும் பொதுக்கருவி. தமிழிலும் அந்நூலறிவு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியர் 1857-இலேயே பிரசவ நூல் ஒன்றைத் தமிழாக்கி வெளியிட்டார். ஆங்கிலம் இன்றி வைத்தியம் இல்லை என்பார் இதனை அறிதல் நன்று. ஆக, கருவி இருந்தது, கற்ற கை இருந்தது, தமிழ் நூலும் இருந்தது. வாயிற்படியைத் தாண்டத் தக்க ஒரு பெண்ணின் கை மட்டுமே திண்டிவனத்தில் இல்லை.

இறந்தாரை ஊர் அறியும். இறவாது தப்பியவர் பட்ட பாட்டை அறியாது. குழந்தையின் தலை இடுப்பெலும்பிற் சிக்கி இரண்டு மூன்று நாள் அசையாது நின்றால், தலைக்கும் எலும்புக்கும் இடையே நசுங்கிய மூத்திரப்பையின் தசை இரத்த ஓட்டம் இன்றி அழுகிப் போகும். சில நாளிற் துளை விழுந்து, சிறுநீர் இடையறாது ஒழுகும். குழந்தையையும் இழந்து, நாற்றத்தால் கணவனாலும் சுற்றத்தாராலும் விலக்குண்டு, மாட்டுக்கொட்டிலில் வாழ்ந்து மடிந்த பெண்கள் எந்நாட்டிலும் உண்டு. தக்க காலத்தில் ஆயுதத்தாலோ அறுவையாலோ பிரசவத்தை முடித்தாலும், அதன்பின் மெல்லிய குழாய் ஒன்றை இட்டு இரண்டு வாரமளவும் மூத்திரப்பை நிரம்பாதபடி காத்தாலும் இத்துன்பம் பெரும்பாலும் வாராது. எளிய ஒரு குழாய்தான்! ஆயினும் ஆயுதம் இருபுறமும் கூர்மையுடையது. பழகாத கையில் அதுவே தாயைக் கிழிக்கும். ஆகையால் கருவியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் மட்டும் போதாது. பயின்ற பெண்கள் வேண்டும். அம்மையாரின் பிற்கால உழைப்பு முழுவதும் இவ்வொன்றையே நாடியது என்பது எமது துணிபு.

அவர் அமெரிக்கா மீண்டு, 1895-இற் பிலடெல்பியா மாதர் வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார். பின்னர்க் கார்னெல் கலாசாலை பெண்களை ஏற்கத் தொடங்கியபோது அங்குச் சென்று 1899-இற் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் ஈந்தார். அப்பொருளோடு 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். புதிய வைத்தியரை நம்பி வருவார் முதலிற் சிலரே. வீட்டின் சிற்றறை ஒன்றே வைத்தியசாலை ஆயிற்று. 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் வைத்தியசாலை திறக்கப்பெற்றது.

வர இயலாதாரிடம் தாமே செல்ல எண்ணி, 1909-இல் ஒரு சிறு மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலையிற் புறப்பட்டார். மோட்டாரைக் கண்டறியாத சிற்றூரார் பேயென்று அஞ்சி ஓடினராம். அவ்வச்சம் நெடுநாள் நிற்கவில்லை. மரத்தடிகளில் நோயாளர் காத்திருக்கலாயினர். அவ்வாண்டிலேயே செவிலியர் பள்ளியும் தோன்றிற்று.

ஒருத்தியின் இரு கைகள் எத்தனை வீட்டிற்குப் போகும்? இக்கணக்கே அவரைக் கலாசாலை நிறுவத் தூண்டியது. மூன்று பெண்கள்கூட வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்தவர்களிற் பலரைத் திருப்பி அனுப்பவேண்டி இருந்தது. 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வகுப்பு தொடங்கிற்று. அம்மையாரே உடற்கூறு கற்பித்தார். முதலாண்டு அரசாங்கப் பரீட்சையில் ஆடவர் கலாசாலை மாணாக்கரிற் பெரும்பாலோர் தவற, வேலூர்ப் பெண்கள் அனைவரும் தேறினர். 1922-இல் 14 பெண்கள் வைத்தியராய் வெளிப்போந்தனர். திண்டிவனத்தில் வாயிற்படிக்கு வெளியே நின்றுவிட்ட அறிவு இனி உள்ளே புகலாயிற்று.

சென்னை அரசாங்கம் 1930-களின் இறுதியிற் பழைய வைத்தியப் படிப்பை நீக்கிப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என விதித்தபோது, கலாசாலை மூடப்படும் நிலை எய்தியது. எழுபது வயது நிறைந்த அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராய்ப் பொருள் இரந்தார். 1942-இற் பட்ட வகுப்பு தொடங்கிற்று. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர். பெண்களுக்கென ஈந்த பொருள் இஃதென்று முணுமுணுத்தார் அமெரிக்காவிற் சிலர் இருந்தனர். அவர் குறையிலும் நியாயம் உண்டு. ஆனால் கலாசாலை பிழைத்தது.

பிரசவ வைத்தியம் அதன்பின்னும் வளர்ந்தது. இரும்பு அலகுக்கு மாற்றாக, காற்றை உறிஞ்சித் தலையைப் பற்றும் கிண்ணத்தை 1950-களில் சுவீடன் நாட்டு மால்ம்ஸ்ட்ராம் அமைத்தார். அதனால் தாயின் தசைக்கு நேரும் காயம் ஆயுதத்தினும் குறைவு. அண்மையில் அர்ஜென்டினா நாட்டு மோட்டார்ப் பணியாளர் ஓடோன் என்பவர், புட்டியுள் விழுந்த தக்கையைப் பையால் வெளியெடுக்கும் வேடிக்கையைக் கண்டு, மென்பையால் தலையைச் சூழ்ந்து இழுக்கும் கருவியைக் கருதினார். வைத்தியர் அல்லாதார் ஒருவருக்கு இது தோன்றியமை எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

அம்மையார் 1946-இல் ஓய்வுபெற்றுக் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் தம் எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்களுக்கென அவர் முதலில் எழுப்பிய ஷெல் வைத்தியசாலை இன்று கண் வைத்தியசாலையாக வேலூரில் நடைபெற்று வருகின்றது.