பூட்டு காக்காத பணம்!
பச்சையப்ப முதலியார் வரலாறு

பச்சையப்பன் கல்லூரியைத் தெரியாதவர் யார்? ஆனால் அந்தத் தருமப் பணம் ஒரு காலத்தில் அடியோடு பறிபோக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஏழை வீட்டுப் பிள்ளை

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு பிறந்தார். பிறக்கும் முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அங்கே நாராயண பிள்ளை என்ற துபாஷ் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார்.

துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று கொடுக்கல் வாங்கலை முடித்து வைப்பவர்.

பச்சையப்பரும் துபாஷ் ஆனார். பெரும் பணம் சேர்த்தார். பிற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்.

உயில் எழுதினார்

1794 மார்ச் மாதம் உடல் நலிந்தது. கும்பகோணத்தில் உயில் எழுதி, கோயில்களுக்கும் தருமங்களுக்கும் பொருளை ஒதுக்கினார். மார்ச் 31-ஆம் தேதி திருவையாற்றில் கண்ணை மூடினார். வயது நாற்பதுதான்!

பிறகு என்ன நடந்தது? திருடன் கன்னம் வைக்கவில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சொத்து யார் பொறுப்பில் இருந்ததோ, அங்கேயே கரைந்தது! உறவினருக்குள் வழக்கு மேல் வழக்கு. தருமம் நின்றது.

கோர்ட்டு காத்தது

விஷயம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்றார். முதலும் வட்டியுமாகச் சுமார் 8 லட்சம் ரூபாய் சேர்ந்தது. அதில் மூன்றரை லட்சம் கோயில் தருமங்களுக்கு. மீதி நாலரை லட்சம் கல்விக்கு. பணத்தைக் காக்கத் தருமகர்த்தாக்கள் சபை ஏற்பட்டது. தனி ஒருவர் கைக்குப் பதில் பலருடைய கண்!

1842 ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறந்தது. 1846-இல் காஞ்சிபுரத்திலும் பள்ளி வந்தது. 1889-இல் சென்னைப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது.

நமக்குப் பாடம்

செங்கற்பட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் நடத்துபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. கல்லாச் சாவி ஒருவரிடம் இருக்கட்டும்; கணக்குப் புத்தகம் இன்னொருவரிடம் இருக்கட்டும். இரண்டையும் மாதம் ஒரு முறை மூன்றாமவர் ஒத்துப் பார்க்கட்டும். இது சந்தேகம் அல்ல. நாணயமாக உழைப்பவர் மீது வீண் பழி விழாமல் காப்பதும் இந்தக் கணக்குத்தான்.

பச்சையப்பர் மறைந்து பள்ளி திறக்க 48 ஆண்டுகள் ஆயின. உயில் என்ற ஒரு காகிதம் இருந்ததால்தான் அதுவும் நடந்தது!