கேள்வித்தாளில் வரும் 'கே1, கே2' யார் வேலை? பெஞ்சமின் ப்ளூம் கதை

செமஸ்டர் கேள்வித்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் 'கே1', 'கே3' என்று போட்டிருப்பதைப் பல கல்லூரிகளில் பார்த்திருப்பீர்கள். அது மார்க்கும் இல்லை, யூனிட் நம்பரும் இல்லை. அப்போ என்னதான் அது? பதிலுக்கு ஒரு அமெரிக்கப் பேராசிரியரின் கதைக்குப் போகணும்.

யார் இந்த ப்ளூம்?

1913-ல் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டு என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் பெஞ்சமின் ப்ளூம். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். 1942-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் அவரை உருவாக்கியது பட்டம் இல்லை, அங்கே தேர்வுத் துறையில் பார்த்த வேலை.

அப்போது சிகாகோவில் யாரிடம் படித்தாலும் கடைசியில் எல்லோருக்கும் ஒரே பொதுத்தேர்வு. பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வி தயாரிக்கும் அலுவலகம் வேறு. அப்படியென்றால் மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தாகணும், இல்லையா? அவருடைய குருவான ரால்ஃப் டைலர் வலியுறுத்தியதும் இதைத்தான்.

8 வருட வேலை

1948-ல் பாஸ்டனில் நடந்த உளவியல் மாநாட்டுக்கு வந்த கல்லூரித் தேர்வாளர்கள் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். 'புரிதல்' என்றால் ஒருத்தருக்கு ஒரு அர்த்தம், இன்னொருத்தருக்கு வேறு அர்த்தம். இதை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய வேலை 1956-ல் ப்ளூம் தலைமையில் புத்தகமானது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என 6 படிகள்.

தமிழ் இலக்கிய வகுப்பையே எடுத்துக்கோங்க. 'மாணவர் குறுந்தொகையை அறிந்துகொள்வர்' என்று சிலபஸில் எழுதினால் அதை எப்படி அளப்பது? 'முன்பின் படிக்காத ஒரு பாடலைக் கொடுத்தால் முதல், கரு, உரி காட்டித் திணையை நிறுவுவர்' என்று எழுதினால் அளந்துவிடலாம். ஆசிரியர் என்ன நடத்தணும், மாணவர் எதற்குத் தயாராகணும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1957-ல் ப்ளூம் இங்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்தினார். பிறகு 2014-ல் பொறியியல் படிப்புகளுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானது. அதைத் தொடர்ந்து 'கோர்ஸ் அவுட்கம்' எழுதும் வழக்கம் வேகமாகப் பரவியது.

எழுதுவது சரி, நடப்பது என்ன? 'பகுப்பாய்வு செய்வர்' என்று சிலபஸில் போட்டுவிட்டு, தேர்வில் 'சிறுகுறிப்பு வரைக' என்று கேட்டால் ப்ளூம் கணக்கில் அது செல்லாது. மனப்பாடத்தைத் தாண்டாத கேள்விகள்தான் அவருக்கு இருந்த பிரச்சனையே.

நேரமும் உதவியும் கிடைத்தால் பெரும்பாலான மாணவர்கள் எதையும் கற்றுவிடுவார்கள் என்பது 1968-லிருந்து அவர் முன்வைத்த வாதம். மார்க் வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை.

1999-ல் ப்ளூம் காலமானார். 2001-ல் அவருடைய பழைய சகா டேவிட் கிராத்வோலும் மாணவர் லோரின் ஆண்டர்சனும் பட்டியலைத் திருத்தினார்கள். 6 பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களாகின. உச்சியில் இருந்த மதிப்பிடுதல் ஒரு படி இறங்க, படைத்தல் மேலே போனது. இப்போது கேள்வித்தாளில் 'கே6' என்று வருவது அதுதான்.