மகாகவி மோயின்குட்டி வைத்தியர்

மலையாளக் கரையில் மாப்பிள்ளை முஸ்லிம்களின் இல்லங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பத்ருப் போரின் வரலாறு பாட்டாகவே வாழ்ந்து வந்திருக்கிறது. ஒருவர் பாட, மற்றவர் அடிதோறும் பொருள் விரித்துரைக்க, இரவு நெடுநேரம் மக்கள் கூடியிருந்து கேட்பர். பாடிப் பறைதல் என்பது அவ்வழக்கத்தின் பெயர். அந்தப் பத்ருப் படைப்பாட்டை இயற்றியவரே மோயின்குட்டி வைத்தியர் அவர்கள்.

அன்னார் 1852 ஆம் ஆண்டில், ஏறநாட்டின் கொண்டோட்டியில் பிறந்தார். தந்தையார் உண்ணி மம்மது ஆயுர்வேத வைத்தியர். கவி பாடவும் வல்லவர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். வைத்திய நூல்களுக்காகக் கற்ற சமஸ்கிருதமும், மார்க்கக் கல்வியால் வந்த அரபியும் அவருடைய கவிதைக்கு உரமாயின.

அவர் எழுதியது அரபு மலையாளத்தில். அரபி எழுத்தில் மலையாள மொழியை வரையும் முறை அது. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியதை அறிந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உறவு எழுத்தோடு நின்றுவிடவுமில்லை. மாப்பிள்ளைப் படைப்பாட்டுகளில் முற்பட்டதாகிய சகூம் படைப்பாட்டு, தமிழில் எழுந்த படைப்போர் நூலைத் தழுவியதே. அப்பாட்டுகளின் யாப்பில் கம்பி என்பது நமது மோனை. கழுத்து என்பது எதுகை. வால்கம்பி என்பது இயைபு. ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லை எடுத்து அடுத்த பாட்டைத் தொடங்குவதை வாலும்மேல் கம்பி என்பர். அந்தாதி படித்தவர்கள் இதனை உடனே இனம் கண்டுகொள்வார்கள். வைத்தியரின் பாடல்களில் தமிழ்ச் சொற்களும் ஏராளமாக விரவியுள்ளன.

1872 இல், 20 வயதில், பத்ருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால் என்ற காவியத்தை அவர் இயற்றினார். பாரசீகக் கதையொன்றை மலையாளத்திற்குக் கொண்டுவந்த தழுவல் நூல் அது. அஜ்மீர் மன்னரின் மகளும் அமைச்சரின் மகனும் சிறு வயது முதல் நேசித்து, பிரிக்கப்பட்டு, ஜின்களின் உலகிலெல்லாம் அலைக்கழிந்து, முடிவில் ஒன்று சேரும் வரலாறு. பஞ்சதந்திரக் கதையொன்றையும் எலிப்படை என்னும் பாட்டாக்கினார்.

ஆலிம்களில் சிலருக்கு இத்தகைய காதற் கதை உவப்பானதன்று. அவர்கள் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அக்காவியத்தில் பழகிய கையே, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1876 இல், பத்ருப் படைப்பாட்டை எழுதியது என்பதை மறந்துவிடலாகாது. சொல்லும் இசையும் முன்னதில் கைவந்திராவிட்டால் பின்னது இவ்வளவு இனிமையாக அமைந்திருக்குமா என்பது ஐயமே.

ஹிஜ்ரி 2, ரமலான் பிறை 17. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுடன் 313 தோழர்கள். எதிரே ஏறத்தாழ ஆயிரம் பேர். அரபி நூல்களில் ஆலிம்கள் மட்டுமே படித்து வந்த இவ்வரலாற்றை, அரபி மொழி அறியாத உழவனும் வீட்டுப் பெண்களும் பாடி மனப்பாடம் செய்யும் வண்ணம் அவர் ஆக்கித் தந்தார். உமறுப் புலவர் சீறாவின் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் நமக்குச் செய்த பணியும் இதுவேயன்றோ! பின்னர் உஹதுப் போரையும், மலப்புறத்து ஷுஹதாக்களின் வரலாற்றையும் வைத்தியர் பாடினார்.

இத்துணைப் பெரிய கவிஞரை மலையாள இலக்கிய உலகம் நெடுங்காலம் அறிந்துகொள்ளவில்லை. எழுத்து அரபி எழுத்தாயிருந்ததால் பண்டிதர்களால் படிக்க முடியவில்லை. ஆங்கில அரசின் காவல்துறை அதிகாரி பாசெட் என்பவரோ, 1899 இல் பத்ருல் முனீர் பற்றியும், 1901 இல் மாப்பிள்ளைகளின் போர்ப்பாட்டுகள் பற்றியும் ஆங்கிலத்தில் கட்டுரைகள் வெளியிட்டார். மலபாரில் மாப்பிள்ளைகளின் கிளர்ச்சிகளைக் கண்டு ஆட்சியாளர்கள் அஞ்சிய காலம் அது. அண்டை வீட்டார் காணாத நூலைக் காவல்துறையார் கண்டுவிட்டனர்! 1947 இல் கோழிக்கோட்டில் நடந்த சாகித்ய பரிஷத் மாநாட்டில், காசர்கோட்டுக் கவிஞர் டி. உபைத் மாப்பிள்ளைப் பாட்டுகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். இப்பாட்டுகளும் மலையாள இலக்கியத்தின் செல்வமே என்ற உணர்வு அதன் பின்னரே பண்டிதர்களிடையே பரவலாயிற்று.

அந்நாளைக் காண வைத்தியர் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஹிஜ்ரத்தைப் பாடத் தொடங்கியிருந்த வேளையில், 1892 இல், 40 வயதில் அவர் இறையடி சேர்ந்தார். பாட்டு இடையில் நின்றது. முதுமையில் மகனை இழந்த தந்தையார் உண்ணி மம்மது, மகன் விட்டுச் சென்ற அடியிலிருந்து தொடர்ந்து, அந்த ஹிஜ்ராவைத் தாமே பாடி நிறைவு செய்தார்.