பறக்க நினைத்த சிறுமி

ஆரம்பப் பாடசாலையில் எமது பிள்ளைகள் கணனித் திரையில் ஒரு குளத்தை அமைக்கிறார்கள். மீன்கள் கூடினால் உணவு என்னாகும் என்று மாற்றிப் பார்க்கிறார்கள். இதை வெறும் விளையாட்டென எண்ணும் பெற்றோருக்காக ஏடா லவ்லேஸ் அம்மையாரின் வாழ்க்கையைத் தருகிறோம்.

கவிஞர் பைரன் பிரபுவின் மகளாக 1815இல் லண்டனில் பிறந்தார். சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். தாயார் அவரைக் கணிதம் கற்க வைத்தார்.

1828இல், 12 வயதில், பறக்க ஆசைப்பட்டார். பறவைகளின் உடலமைப்பை ஆராய்ந்து, தமக்கு எவ்வளவு பெரிய சிறகு வேண்டுமெனக் கணக்கிட்டார். பாடம் கெடுகிறதென்று தாயார் கண்டித்தார். மறுவருடம் சின்னமுத்து நோய்க்குப்பின் கால்கள் வழங்காமல் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். படிப்பை விடவில்லை.

1833இல் சார்ள்ஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் திட்டமிட்ட கணிப்பு இயந்திரம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்து, அதைவிட நீண்ட குறிப்புகளுடன் 1843இல் வெளியிட்டார். பெர்னூலி எண்களை இயந்திரம் கணிக்கும் படிமுறையை அதில் விளக்கினார். விதிகளாக எழுத முடிந்தால் இசையைக்கூட அவ்வியந்திரம் கையாளும் என்றும் கண்டார். குளத்தை விதிகளாக்கும் எமது பிள்ளைகளும் அதே வழியில்தான் செல்கிறார்கள்.

இயந்திரம் கட்டி முடிக்கப்படவேயில்லை. அம்மையார் 1852இல், 36 வயதில், புற்றுநோயால் காலமானார்.

பிள்ளையின் திரைக்குளத்தில் மீன்கள் இறந்தால் கணனியை மூடச் சொல்லாமல், ஏன் இறந்தன என்று கேட்போமாக.