தி. வை. சதாசிவ பண்டாரத்தார்

திருப்புறம்பயத்தை நேயர்கள் அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கங்க மன்னன் பிருதிவீபதி உயிர் துறந்ததும், சோழர் மீண்டும் தலையெடுக்க வழி பிறந்ததும் அவ்வூர்ப் பெரும்போரிலேயாம். பண்டாரத்தார் அவர்கள் 1892-இல் பிறந்ததும் அவ்வூரிலேயே.

அவர் கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் 25 ஆண்டுகள் தமிழாசிரியர். இலக்கணம் கற்பிப்பவருக்குச் சரித்திரம் எதற்கு என்று வினவுவோர் அக்காலத்து நிலையை நினைத்தல் வேண்டும். கல்வெட்டு அறிக்கைகளெல்லாம் ஆங்கிலம். அதே 1892-இல் பிறந்த நீலகண்ட சாஸ்திரியார் சோழரைப்பற்றி எழுதிய பெருநூலும் ஆங்கிலம். தமிழ் மட்டும் கற்றவன் தன் முன்னோர் சரித்திரத்திற்குப் புறத்தே நிற்க வேண்டியவனானான். அக்குறையை நீக்கவே பண்டாரத்தார் கோயில்தோறும் சென்று கல்வெட்டுக்களை ஆராய்ந்தார். 1930-இல் முதற் குலோத்துங்க சோழன் வெளிவந்தது. பின்னர்ப் பாண்டியர் வரலாறு. ஆட்சியாண்டும் சான்றும் காட்டிச் செல்லும் அவர் நடை சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். நாம் அதனையே போற்றுகின்றோம். சான்றின்றி அவர் புகழ்ந்திலர்.

1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சித் துறைக்கு அழைத்துக்கொண்டது. பிற்காலச் சோழர் சரித்திரம் முதற்பகுதி 1949-இலும், இரண்டாம் பகுதி 1951-இலும் அச்சேறின. சோழர்தம் அரசியல் முறையைக் கூறும் மூன்றாம் பகுதி 1961-இல் வெளிவந்தது. அதனைக் காண அவர் இலர். 1960 ஜனவரியிலேயே காலமாயினார்.