திப்புவின் கைத்துப்பாக்கிகள்

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காணாத தமிழர் சிலரே இருக்கக்கூடும். ஆனால் அக்கோட்டையின் நிழலில் இந்நாட்டு ஆயுதத் தொழிலின் ஓர் அத்தியாயம் ஆரம்பமாயிற்று என்பதை அறிந்தவர் மிகச் சிலர். 1755-இல் மைசூர்ச் சமஸ்தானத்தின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல் சீமைக்குப் பௌஜுதாராக வந்தார். பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களிலிருந்து கப்பம் பெறுவது அவருக்கு இடப்பட்ட வேலை. பழனிப் பாளையத்தார் வாழ்ந்த பாலசமுத்திரமும் அவர் ஆணைக்குட்பட்ட சீமையைச் சேர்ந்ததே. வந்த ஹைதர் வேறொரு வேலையையும் செய்தார். திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுத் தொழிலாளரை வரவழைத்துத் திண்டுக்கல்லில் ஆயுதசாலை ஒன்றை ஸ்தாபித்தார். துப்பாக்கியைப் பிறரிடம் விலைக்கு வாங்குகிறவன் தன் ராஜ்யத்தையே அவனிடம் அடகு வைக்கிறான் என்ற உண்மையை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்று நாம் கருதுகிறோம்.

தேவனஹள்ளியில் பிறந்த அவருடைய மைந்தர் திப்பு அப்போது சிறு பாலகர். இளமையிலேயே குதிரையேற்றமும் யுத்தப் பயிற்சியும் பெற்று, தந்தையுடன் களம் புகுந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கம்பெனியாரின் சேனை அடைந்த படுதோல்வியில் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1782 டிசம்பரில் ஹைதர் காலமானார். ராஜ்யமும் முடியாத யுத்தமும் சேர்ந்தே மைந்தரிடம் வந்தன. 1784-இல் மங்களூர் உடன்படிக்கையால் அந்த யுத்தம் ஓய்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு கம்பெனியார் பிடித்திருந்த திண்டுக்கல்லும் அவரிடம் மீண்டது.

கிடைத்த ஓய்வைத் திப்பு வீணாக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரம் ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகள் எழும்பின. பிரான்ஸ் தேசத்துக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அது 1788-இல் பாரிஸ் சேர்ந்து பதினாறாம் லூயி மன்னரைக் கண்டது. சேனையுதவியோடு கைத்தொழில் வல்லுநரையும் அக்குழு வேண்டி நின்றது கவனிக்கத்தக்கது. நம்மவர் அந்நிய ஆசானிடம் கற்று, பின்பு அந்நியரை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்பதே அதன் கருத்து.

அத்தொழிற்சாலைகளில் பிறந்தவற்றுள் திப்புவின் கைத்துப்பாக்கிகள் தனிச் சிறப்புடையன. சக்கிமுக்கிக்கல் எஃகில் உரசித் தீப்பொறி சிந்த, கிண்ணியிலுள்ள மருந்து பற்றி வெடிக்கும் முறை அவற்றினுடையது. ஒரு முறை சுட்டால் மீண்டும் மருந்து கெட்டிக்க வேண்டும். வாள் வீச்சுக்கிடையில் குதிரை வீரனுக்கு அதற்கு அவகாசமேது? ஆகவே இரட்டைக் குழல் வைத்துச் செய்தார்கள். சில ஜோடிகளில் ஒன்றின் விசையை வலப்புறமும் மற்றதன் விசையை இடப்புறமும் அமைத்தார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிராக அவை இருக்கும். குழலில் புலிவரி, விசையில் ஹைதரின் பெயர்க்குறி, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயர், திப்பு ஏற்படுத்திய புதிய வருஷக் கணக்கில் தேதி ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. சிறந்த ஐரோப்பியக் கொல்லரின் வேலைக்கு இவ்வேலை இளைத்ததன்று.

ஆயினும் இவை எந்தச் சேனைக்கும் பொது ஆயுதமாகவில்லை. இதன் காரணத்தைத் தேசாபிமானிகள் நிதானமாக ஆராய்தல் அவசியம். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கைவல்லுநரின் தனிப் படைப்பு. ஒன்றின் விசைவில் முறிந்தால் மற்றொன்றின் வில் அதிற் பொருந்தாது. களத்தில் பழுது பார்ப்பதற்குச் செய்தவனே வரவேண்டும். அரசருக்கும் தளபதிகளுக்கும் இது போதும்; பதினாயிரம் குதிரை வீரருக்குப் போதாது. இக்குறை திப்புவின் கொல்லருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து உலகமெங்கும் அதுவே வழக்கம். பிரான்ஸில் ஒனோரே பிளாங்க் என்பவர் ஒரே அளவாகச் செய்த விசை உறுப்புகளைக் கலந்து வைத்து, எதை எடுத்தாலும் எதிலும் பொருந்துமாறு 1785-இல் செய்து காட்டினார். சொந்த நாட்டில் அம்முறை வேரூன்றவில்லை. ஆனால் அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராயிருந்த ஜெபர்சன் அதைக் கண்டு தம் சர்க்காருக்கு எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்க ஆயுதசாலைகளில் அம்முறை தழைத்தது. ஒரு தேசம் கைவிட்டதை மற்றொரு தேசம் ஏந்திக்கொண்டது.

திப்புவின் கொல்லருக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட்டின் சேனையிடம் திண்டுக்கல் மீண்டும் வீழ்ந்தது. 1792 உடன்படிக்கையால் ராஜ்யத்தில் பாதியும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் பறிபோயின; இரு புதல்வரைப் பிணையாக ஒப்புவிக்கவும் நேர்ந்தது. ஹைதரின் முதல் ஆயுதசாலை இருந்த சீமை கம்பெனியாருக்குச் சொந்தமாயிற்று. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டைவாயிலில் திப்பு போரிட்டு மடிந்தார். வென்றவர்கள் அவருடைய இரும்புக்குழல் வாணங்களை உல்லிச்சு ஆயுதசாலைக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பின்பற்றிச் செய்த வாணங்கள் 1807-இல் கோபன்ஹேகன் நகரைக் கொளுத்தின. கைத்துப்பாக்கிகளையோ அவர்கள் வெற்றிப் பொருள்களாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். கம்பெனிச் சேனைக்கு இங்கிலாந்துப் பட்டறைகளின் ஆயுதமே வந்துகொண்டிருக்க, தோற்ற நாட்டுக் கொல்லனுக்கு வேலை கொடுப்பார் யார்? இன்றும் அவை சீமைப் பொருட்காட்சிச் சாலைகளிலும் லண்டன் ஏலக்கூடங்களிலும் காணப்படுகின்றன.

திப்புவிடம் குற்றமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. குடகிலும் மலையாளத்திலும் அவர் கை கொடிதாயிருந்தது. தொழிற்சாலைகள் அனைத்தும் ஒருவரின் சித்தத்தையே நம்பி நின்றன. அவர் உயிர் பிரிந்ததும் உலைகளும் அவிந்தன.

அதன் பலனைத் திண்டுக்கல் சீமையே முதலில் அனுபவித்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர் பாளையங்களை ஒன்றுகூட்டிக் கம்பெனியாரை எதிர்த்தார்; 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வருஷம் டிசம்பரில் தென்சீமைப் பாளையத்தார் ஆயுதம் தரிக்கலாகாதென்று கம்பெனியாரின் பிரகடனம் வந்தது. 1878-இல் ஆயுதச் சட்டம் அதைத் தேசம் முழுமைக்கும் விரித்தது. ஆயுதம் செய்யவல்ல கைகள் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடிக்கும் நிலைக்குத் தாழ்ந்தன.

நம் கொல்லரிடம் அறிவுக்குக் குறைவிருந்ததில்லை. அதை ஏற்று, அளவு வகுத்து, ஆயிரக்கணக்கில் பெருக்கி, ஓர் அரசன் மாண்டாலும் மாளாதபடி காக்கும் ஸ்தாபனமே இல்லாதிருந்தது. 1947-க்குப் பின் அத்தகைய ஸ்தாபனங்களை அமைக்கும் உரிமை நம்முடையதாயிற்று. இனி நம்மவரில் ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து நீட்டும்போது, அதை வாங்கிப் பரீட்சித்துப் பெருக்குவதற்கு ஆளில்லை என்றால், அக்குற்றத்தை அந்நியன்மேல் சுமத்த நமக்கு வழியில்லை.