ஹெர்மன் ஹாலெரித் சரிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பஃபலோ நகரின்கண் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் ஜெர்மானியப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தவர் ஹெர்மன் ஹாலெரித். 1879-இல் கொலம்பியா சுரங்கக் கலாசாலையில் தேர்ச்சி பெற்று, ஜனக்கணக்கு இலாகாவில் அமர்ந்தார். 1880-இல் எடுத்த கணக்கைக் கையால் வகைப்படுத்தி முடிக்க ஏறக்குறைய எட்டாண்டுகள் சென்றன. குடிகளோ பெருகிக்கொண்டே வந்தனர். ஒரு கணக்கு முடியுமுன் அடுத்தது வந்துவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது.

ஏட்டிற் கண்ட விவரங்களை ஆளுக்கோர் அட்டையாக மாற்றி, வயது, பால், தொழில் முதலியவற்றை உரிய இடங்களில் துளைகளாக இடும் முறையை ஹாலெரித் வகுத்து, 1889-இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். யந்திரத்தின் ஊசி துளைவழியே இறங்கிப் பாதரசத்தைத் தீண்டின் மின்சாரம் பாயும். எண்முள் ஒன்று நகரும். இன்றியமையாத துளை விடுபட்ட அட்டைக்கு மணி ஒலியாது. அதனைத் தனியே எடுத்து மூல ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவர். இங்ஙனம் 1890-இல் 6 கோடியே 26 லட்சம் மக்களின் கணக்கு முன்னையினும் விரைவில் முடிந்தது.

1896-இல் அவர் ஒரு கம்பெனி நிறுவினார். வாடகை பற்றிப் பிணக்கு நேரவே, 1910-ஆம் ஆண்டுக் கணக்கிற்கு இலாகா தன் யந்திரங்களையே செய்துகொண்டது. அவர் கம்பெனி 1911-இல் பிறவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். எனப் பெயர் பூண்டது. 1929-இல் ஹாலெரித் காலமானார். பின்னர்க் கம்பெனிதோறும் அட்டை வடிவம் வேறுபட்டமையால், ஒன்றின் அட்டையை மற்றொன்றின் யந்திரம் படிக்க இயலாதாயிற்று.

தரவுகளை ஒரு தளத்தினின்று மற்றொன்றிற்கு மாற்றும் இக்காலத்தார்க்கும் இவ்விடர் உண்டு. மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்கும் பழைய வழக்கமே அவர்க்குத் துணையாம். விடுபடும் அட்டை ஒவ்வொன்றும் கணக்கினின்று நீங்கும் ஒரு மனிதனன்றோ!